சொரீஸ் மாலை

சென்ற ஜூலை மாதத்தில் எங்கள் வகுப்பில் பொருநராற்றுப்படை பாடமாக நடந்துகொண்டிருந்தது. கரிகாற்பெருவளத்தானிடம் பரிசில் பெற்று மீளும் பொருநன், அம்மன்னன் தனக்கு ஊனை வேகவைத்தும் இருப்புக் கம்பியிற் கோத்துச் சுட்டும் ஓயாது ஊட்டியதையும், இரவும் பகலும் ஊன் தின்றதால், நிலத்தை உழுத கலப்பையின் கொழுவைப்போலத் தன் பற்கள் தேய்ந்துபோனதையும் எடுத்துரைக்கும் பகுதி அது. ஆசிரியர் அன்று நல்ல மனநிலையில் இருந்தார். நூலை மூடி வைத்துவிட்டு, "உங்கள் பல் தேயும்படி நீங்கள் உண்டது எது? ஒவ்வொருவராகச் சொல்லுங்கள்" என்றார். ஆம்பூர் பிரியாணி என்றான் ஒருவன். தன் பாட்டி கிறிஸ்துமசுக்குச் செய்யும் கோழிக்குழம்பு என்றாள் ஒரு மாணவி. என் முறை வந்தபோது நான் "ஆட்டுக்கறி" என்று சொல்லி அமர்ந்துவிட்டேன்.

அஃது உண்மையன்று. அந்தச் செய்யுளைப் படித்த கணத்தில் என் நாவில் ஊறியது வேறொன்று. வகுப்பில் சொல்லத் துணியாததை இங்கே எழுதுகின்றேன்.

என் தந்தையார் வங்கியொன்றில் அதிகாரி. 2013ஆம் ஆண்டில், எனக்கு ஏழு வயதாயிருக்கையில், அவரைக் கோவாவிலுள்ள மட்காவ் நகருக்கு மாற்றினார்கள். நகருக்கு வெளியே, நடந்தால் அரைமணி நேரத் தொலைவில், சால்செட் வட்டத்துச் சிற்றூர் ஒன்றில், பழைய வீடொன்றின் பாதியை வாடகைக்கு எடுத்துக் குடியேறினோம். வீட்டு முகப்பில் எங்கள் ஊர்த் திண்ணையைப் போலவே எதிரெதிராக இரண்டு கல்லிருக்கைகள் இருந்தன. சன்னல்களில் கண்ணாடிக்குப் பதிலாகச் சிப்பி ஓடுகளை மெல்லிய தகடுகளாக்கிப் பதித்திருந்தார்கள். அவற்றின் வழியாக வரும் வெயில் பாலைப்போல் வெளுத்திருக்கும். மறுபாதி வீட்டில் வீட்டுக்கார மூதாட்டி தனியே வாழ்ந்துவந்தார். கணவர் காலமாகிவிட்டார், பிள்ளைகள் கடல் கடந்து சென்றுவிட்டனர். அவ்வூர்க் கத்தோலிக்கர் பாட்டியை 'ஷாமாய்' என்று அழைப்பர். நாங்களும் அவ்வாறே அழைத்தோம்.

என் தாயாருக்குக் கொங்கணி தெரியாது. ஷாமாய்க்குத் தமிழ் தெரியாது. ஆயினும் முதல் நாளே இருவரும் நெடுநேரம் உரையாடினார்கள். சாவி, சன்னல், மேசை என்று ஒவ்வொரு பொருளையும் தொட்டுக் காட்டப் பெரும்பாலும் அதே சொல் மறுபுறத்திலிருந்தும் வந்தது. அவை யாவும் போர்த்துக்கேசியர் இரு நாட்டினருக்கும் விட்டுச்சென்ற சொற்கள் என்பதை நான் கல்லூரிக்கு வந்த பின்னரே அறிந்தேன்.

அவ்வூரில் வைகறையை அறிவிப்பது சேவலன்று. ரொட்டிக்காரனுடைய மிதிவண்டியின் இரப்பர் ஊதுகுழல். விடியற்காலையிலும் மாலையிலும் பெரிய கூடையில் அப்பம் கொண்டுவருவான். தவிட்டு மாவில் செய்த, உள்ளே பைபோலக் குழிந்த வட்ட அப்பத்திற்குப் 'பொய்' என்று பெயர். விடுமுறையில் திருநெல்வேலிக்கு வந்தபோது, காலையும் மாலையும் பொய் தின்பதாக நான் கூற, என் மாமா நெடுநேரம் சிரித்தார்.

சொரீஸ் என்பது கோவாவின் பன்றியிறைச்சிக் குடலடைப்பு. போர்த்துக்கேசிய மொழியில் ஷோரிசு என்பர். 1510ஆம் ஆண்டில் அல்புகெர்க் கோவாவைக் கைப்பற்றிய பின்னர் அங்கு வந்த பண்டம் அது. அதன் தம்பியாகிய லிங்குவிசா என்பது இலங்கைக்குச் சென்று, அங்கே லிங்குஸ் என்னும் பெயரில் இன்றும் வழங்குகின்றது. ஆனால் கடல் கடந்து வந்த சொரீஸ் வந்தபடியே இருந்துவிடவில்லை. அமெரிக்காவிலிருந்து போர்த்துக்கேசியரே கொணர்ந்த மிளகாயும், கொங்கணத்துத் தென்னங்கள்ளைப் புளிக்கவைத்து எடுத்த காடியும் அதற்குள் புகுந்து, அதனை அவ்வூர்ப் பண்டமாகவே ஆக்கிவிட்டன.

'காடி' என்னும் சொல்லை அதுவரையில் நான் பெரிய வெள்ளிக்கிழமையன்று மட்டுமே கேட்டிருந்தேன். சிலுவையில் தொங்கிய ஆண்டவருக்குக் கடற்காளானில் தோய்த்துக் கொடுத்தது என்பதே எனக்குத் தெரிந்த காடி. ஷாமாயின் சமையலறையில் கறுத்த மட்சாடி ஒன்று நிறையக் காடி இருப்பதைக் கண்டு முதல் நாள் சற்று அஞ்சினேன். நெல்லைச் சீமையில் பனையேறிய குடும்பத்தில் பிறந்த என் தாயாரோ சாடியை முகர்ந்து பார்த்து, "இது நம் வீட்டு வாசனைதான், மரம் வேறு, அவ்வளவே" என்றார்.

சொரீஸ் செய்வது ஏப்ரல், மே மாதங்களில். ஜூன் தொடக்கத்தில் மழை இறங்கிவிட்டால் கொங்கணக் கரையில் மீன்பிடி படகுகள் கரையேறிவிடும். துணி கூட உலராது. அதற்கு முன்பே வீட்டுக்கு வேண்டிய உப்புமீன், மிளகாய், புளி, வெங்காயம் யாவற்றையும் சேகரித்து வைத்துக்கொள்வார்கள். அச்சேமிப்புக்குப் புருமெந்த் என்று பெயர். மட்காவ் பரிசுத்த ஆவி ஆலயத்தின் திருவிழாவையொட்டி நடக்கும் சந்தைக்கே அப்பெயர் வழங்குகின்றது. ஷாமாய் அச்சந்தையில் மிளகாயை ஒவ்வொன்றாகக் கிள்ளிப் பார்த்து வாங்குவார். நான் பையைச் சுமந்து நிற்பேன்.

ஆங்கிலேயரின் சாசேஜிலும், பிராங்க்பர்ட், வியன்னா முதலிய நகரங்களின் பெயரால் வழங்கும் பிறவற்றிலும் இறைச்சியை மாவாக அரைத்துவிடுவார்கள். நம் விடுதி மாணவர்கள் ஞாயிற்றுக்கிழமை மாலையில் கடைவீதிக்குச் சென்று தின்னும் ஹாட் டாக் அவ்வகையைச் சேர்ந்ததே. அதில் பல்லுக்கு வேலையில்லை. சொரீஸில் இறைச்சியையும் கொழுப்பையும் சுண்டைக்காயளவு துண்டுகளாகக் கத்தியாலேயே வெட்டவேண்டும். வெட்டியவற்றில் உப்பைப் பிசிறிப் பாரமேற்றி ஓரிரவு வைத்தால் நீர் வடிந்துவிடும். பின்பு வெயிலில் உலர்த்துவார்கள். காய்ந்த மிளகாய், பூண்டு, இஞ்சி, மிளகு, சீரகம், கிராம்பு, இலவங்கப்பட்டை ஆகியவற்றைத் தண்ணீர் படாமல் காடியிலேயே அரைத்து, அக்குழம்பில் துண்டுகளை இரண்டு மூன்று நாள் ஊறவைப்பார்கள். அதன் பிறகே, கழுவித் தூய்மையாக்கி உலர்த்திய குடலில் திணிப்பது. திணித்து, விரற்கடைக்கு ஒரு முடிச்சாக நூலால் கட்டிக்கொண்டே போனால், சிவந்த மணிகளைக் கோத்ததுபோல் ஒரு மாலை உருவாகும். நூல் கட்டுகிற வேலை என்னுடையது. "இதுதான் உன் ஜெபமாலை" என்பார் ஷாமாய். நாங்கள் சீர்திருத்தச் சபையினர். எங்கள் வீட்டில் ஜெபமாலை கிடையாது. நான் முதன்முதலாகக் கையில் ஏந்திய மாலை அதுவேதான்.

கட்டிய மாலைகளை வெயிலில் காயவைத்து, அடுப்புக்கு மேலே புகைபடும்படி மூங்கிற்கழியில் தொங்கவிடுவார். மழைக்காலம் முழுதும் அவை அங்கேயே தொங்கும். வேண்டும்போது நான்கைந்து மணிகளை அறுத்து, தோலை உரித்து, சிறிது நீரும் வெங்காயமும் சேர்த்து அடுப்பிலிட்டால் போதும். எண்ணெய் வேண்டியதில்லை, அதன் கொழுப்பே உருகிச் செந்நிறமாகப் பெருகும். அதைப் பொய்யப்பத்தின் வயிற்றில் அடைத்துத் தருவார். வெளியே ஓட்டில் மழை அறைந்துகொண்டிருக்கும். சிவந்த எண்ணெய் முழங்கை வரையில் வழியும். பொருநன் பெற்ற பேறு எனக்கும் கிட்டியது என்றே சொல்லவேண்டும்.

என் தாயார் முதலாண்டில் அதனைத் தொடவில்லை. தந்தையார்தாம், யோப்பா பட்டணத்தில் பேதுரு கண்ட தரிசனத்தை எடுத்துச் சொன்னார். வானத்திலிருந்து இறங்கிய துப்பட்டியில் எல்லா மிருகங்களும் இருந்தனவே, அவற்றைத் தீட்டென்று எண்ணாதே என்றுதானே கூறப்பட்டது என்றார். தாயார், "பேதுருவுக்குப் பசியெடுத்திருந்தது, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்" என்று விடையளித்தார். எனினும் இரண்டாம் ஆண்டு மழைக்காலத்தில் அவருக்கும் பசியெடுத்தது.

இனி எழுதவேண்டியது எளிதன்று. பத்து வயதில் கோடை விடுமுறைக்குச் சொந்த ஊருக்கு வந்தபோது, சொரீஸின் பெருமையை என் வயதுச் சிறுவரிடம் விரித்துரைத்தேன். மறுநாள் முதல் எனக்குப் 'பன்றிதின்னி' என்று பெயராயிற்று. ஆச்சியின் காதுக்கும் அஃது எட்டியது. அவர் என்னை அடிக்கவில்லை, ஏசவுமில்லை. நான் உண்ட தட்டை மட்டும் தனியே எடுத்துச் சாம்பலிட்டு மும்முறை தேய்த்து வெயிலில் கவிழ்த்து வைத்தார். "அது நமக்கு ஆகாது, ராசா. யார் தின்பார்கள் என்று உனக்குத் தெரியாது" என்றார். தெரியாமலில்லை, அன்றே தெரிந்துகொண்டேன். எங்கள் ஊரில் ஒருவன் எதை உண்கின்றான் என்று கேட்பது, அவன் எந்தத் தெருவினன் என்று கேட்பதேயாகும். ஞாயிறுதோறும் ஒரே அப்பத்தில் பங்குபெறும் எங்கள் சபையாரும் அக்கேள்வியைக் கேட்கின்றனர் என்பதை எழுத எனக்கு நாணமாயிருக்கின்றது. ஆயினும் மெய் அதுவே. கோவாவுக்குத் திரும்பிச் சென்று முன்போலவே சொரீஸ் உண்டேன். ஆனால் அதன்பின் அதைப்பற்றி ஊரில் ஒருவரிடமும் வாய்திறந்ததில்லை.

2018ஆம் ஆண்டு மே மாதத்தில் தந்தையாருக்குத் தமிழ்நாட்டுக்கு மாற்றலாயிற்று. அலுவலை ஒப்படைக்கவேண்டி அவர் பின்தங்க, தாயாரும் தங்கையும் நானும் முன்னே புறப்பட்டோம். அன்று காலையில் ஷாமாய் கழியிலிருந்து ஒரு முழு மாலையை இறக்கினார். அவ்வாண்டு அவர் செய்தவை மூன்றே மாலைகள். கைநடுக்கம் கண்டிருந்தமையால் அதற்குமேல் இயலவில்லை. முடிச்சுகள் யாவும் நான் இட்டவை. அதை வாழையிலையில் பொதிந்து, நாளிதழில் சுற்றி, துணிப்பையிலிட்டு, என் தாயாரிடம் கொடாமல் என் கையில் கொடுத்தார்.

மட்காவில் மாலையில் வண்டியேறினோம். எதிரிருக்கையில் நாகர்கோவிலுக்குச் செல்லும் முதிய தம்பதியர் இருந்தனர். இருவரும் புலால் உண்ணாதவர், மிக்க அன்புடையவர். அப்பெரியவர், "கோவாவில் வளர்ந்த பிள்ளைக்குத் தமிழ் தெரியுமா?" என்று என்னைக் கேட்டார். தாயார் வீட்டில் கற்பித்திருந்தமையால் நான் பத்துக் குறட்பாக்களை மடமடவென்று ஒப்புவித்தேன். நல்வாய்ப்பாகப் புலால் மறுத்தல் அவற்றுள் இல்லை. பெரியவர் என் தலையைத் தடவி, பக்கத்து இருக்கையாரிடமெல்லாம் என்னைப் புகழ்ந்தார். அவர் மனைவியார் முறுக்கும் நெய்யுருண்டையும் தந்தார்.

இருட்டிய பின்னர் தாயாரும் தங்கையும் மேலே படுத்து உறங்கிவிட்டனர். மே மாதப் புழுக்கத்தில், இருக்கைக்கடியில் இருந்த பை மெல்லத் தன் இருப்பை அறிவிக்கத் தொடங்கியது. காடியும் பூண்டும் புகையும் கலந்த அந்த மணம் எனக்கு ஷாமாயின் அடுப்படி, அவர்களுக்கு அப்படியன்று. பெரியவரின் மனைவியார் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார்.

"தம்பி, கீழே இருக்கும் பை உங்களுடையதா?"

"இல்லை, தாத்தா. நாங்கள் ஏறும்போதே இருந்தது."

உடையவர் இல்லாத பை என்றால் இக்காலத்தில் எவருக்கும் அச்சந்தானே! பெரியவர் பெட்டி துப்புரவு செய்பவரை அழைத்தார். அவர் குனிந்து பையை இழுத்தார். நாளிதழில் எண்ணெய் சிவப்பாகக் கசிந்திருந்தது. உன்னுடையதா என்று இந்தியில் என்னைக் கேட்டார். தலையை அசைத்தேன். பயணச்சீட்டுப் பரிசோதகரும் கைவிளக்குடன் வந்து சேர்ந்தார். அவர் பையின் வாயைத் திறந்து முகர்ந்தார். அவருக்கு அஃது இன்னதென்று தெரிந்துவிட்டது. முகத்தில் சிறு புன்னகை தோன்றிற்று. கைவிளக்கை என் முகத்துக்கு நேரே தாழ்த்தி, தாழ்ந்த குரலில், கொங்கணியில், "உன்னுடையதில்லையா?" என்றார். அம்மொழி எனக்கு நன்றாகத் தெரியும். தெரியாதவனைப்போல் விழித்தேன்.

மூன்று முறை ஆயிற்று. சேவல் ஒன்றும் கூவவில்லை. மங்களூர் நிலையத்தில் தேநீர் விற்பவன்தான் கூவினான். பையை எடுத்துச் சென்றுவிட்டார்கள். வெளியே எறிந்தார்களோ, அந்தப் பரிசோதகர் தம் வீட்டுக்குக் கொண்டுபோனாரோ அறியேன். கொண்டுபோயிருக்கவேண்டும் என்றே இந்நாள் வரையில் விரும்பிவந்திருக்கின்றேன்.

காலையில் விழித்த தாயாரிடம், இரவில் யாரோ திருடிவிட்டார்கள் என்றேன். அவர் வருந்தினார். ஆயினும் ஷாமாயிடம் அதைச் சொன்னால் முதியவர் மனம் வாடுவார் என்றெண்ணி, தொலைபேசியில் அவர் நலம் கேட்டபோது, "சமைத்தோம், மிக நன்றாயிருந்தது" என்று சொல்லிவிட்டார். பின்பு தொலைபேசி என் கைக்கு வந்தது. "நீ எத்தனை தின்றாய்?" என்றார் ஷாமாய். "ஆறு" என்றேன். அவர் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதிலிருக்கின்றது. அந்த ஆறு என்னும் எண்ணைச் சொன்னதுதான், எதை மறுத்ததைக் காட்டிலும் என்னை மிகுதியாக வருத்திவந்தது. மறுத்தது அச்சத்தால், இதற்கு எந்த அச்சமும் இருந்ததில்லை.

ஆண்டுதோறும் கிறிஸ்துமசன்று நாங்கள் அவரோடு பேசுவதுண்டு. சென்ற கிறிஸ்துமசுக்கு முந்தைய வாரம், தந்தையாரின் பழைய நண்பர் ஒருவர் மட்காவிலிருந்து எங்கள் பாளையங்கோட்டை வீட்டுக்கு வந்தார். அவர் கையில் ஒரு துணிப்பை. வாழையிலை, நாளிதழ் எல்லாம் முன்போலவே. உள்ளே ஒரு மாலை; குட்டையானது, முடிச்சுகள் ஒழுங்கற்றவை. எண்பது கடந்த கைகள் தாமே இட்டவை என்று பார்த்த அளவிலேயே தெரிந்தது.

ஆச்சி இப்போது எங்களோடுதான் இருக்கின்றார். நான் அதை ஒளிக்கவில்லை. சமையலறை ஆணியில், எல்லோரும் காணத் தொங்கவிட்டேன். ஆச்சி பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை, தம்முடைய காப்பிக் குவளையை மட்டும் எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டார்.

கிறிஸ்துமசன்று காலை ஆராதனை முடிந்து வந்து, அடுப்பில் வாணலியை ஏற்றிவிட்டுத் தொலைபேசியில் ஷாமாயை அழைத்தேன். அவருக்குச் செவி மந்தமாகிவிட்டது. எதைச் சொன்னாலும் உரக்கச் சொல்லவேண்டும். என் கொங்கணியும் துருவேறியிருந்தது. ஆதலால் ஆறு ஆண்டுகளாக ஒருவரிடமும் சொல்லாததை, தெரு கேட்கும்படிக் கத்திச் சொல்லவேண்டியதாயிற்று. முதல்முறை அவருக்கு விளங்கவில்லை. இரண்டாம் முறையும் விளங்கவில்லை. பாதி கொங்கணியிலும் பாதி தமிழிலுமாக, "அன்று நான் தின்னவில்லை, ஷாமாய்! வண்டியில் என்னுடையதில்லை என்று சொல்லிவிட்டேன்! ஒன்றுகூடத் தின்னவில்லை!" என்று கூவினேன். திரும்பிப் பார்த்தால், கையில் கரண்டியோடு தாயார் வாயிலில் நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் ஆச்சி.

மறுமுனையில் சிறிது நேரம் ஒலியே இல்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்றெண்ணினேன்.

"இப்போது அடுப்பில் எத்தனை இருக்கிறது?" என்றார் ஷாமாய்.

"ஆறு."

"உப்புப் போட்டுவிடாதே. அதிலேயே இருக்கிறது" என்றார்.